அசல் என்று வாங்கிய பழைய துப்பாக்கி அசல் இல்லை என்றால்?

கேள்வி: 'கை படாத அசல்' என்று வியாபாரி சொன்னதை நம்பி, பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும்) கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, இது நடுவில் கேப் (அடித்தால் வெடிக்கும் சின்ன மருந்து மூடி) வைத்துச் சுடும்படி மாற்றப்பட்டு, சமீபத்தில் மறுபடியும் பிளின்ட்லாக் ஆக்கப்பட்டது என்கிறார். பில்லில் 'பழங்காலக் கைத்துப்பாக்கி' என்று மட்டுமே இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? இன்னொரு பழைய துப்பாக்கியும் வாங்கப் பேசி வைத்திருக்கிறேன்.

பதில்: கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் அந்த பில் உங்களுக்கு உதவாது. உங்கள் துப்பாக்கி பழங்காலத்ததுதானே, அதனால் பில்லில் பொய் எதுவும் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். 'கை படாத அசல்' என்ற பேச்சுதான் உங்கள் வழக்கே. வாய்ச்சொல்லை நம்பி வாங்கியிருந்தாலும் அது பொய் என்றால் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஏற்கிறது, நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால் வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம், போட்டோ எல்லாவற்றையும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: அதைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ கழற்றவோ வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமான பிளின்ட்லாக்குகளை இப்படி கேப்புக்கு மாற்றினார்கள். அப்போது பற்றவைக்கும் மருந்தை வைக்கும் கிண்ணத்தைக் கழற்றி, அது இருந்த திருகு ஓட்டைகளை அடைத்துவிடுவார்கள். திரும்ப மாற்றும்போது புதுக் கிண்ணம் பொருத்துவார்கள். அடைத்த ஓட்டையின் வட்டம், தீ குழலுக்குள் போகும் தீத்துளையைச் சுற்றி வெல்டிங் கோடு, மற்ற பாகங்களோடு ஒட்டாத புதுத் திருகு, இவைதான் உங்கள் சாட்சி. தேய்த்துவிட்டால் அது போய்விடும், நீங்களே செய்தது என்றும் சொல்வார்கள். நிபுணரிடம் படங்களோடு எழுத்து அறிக்கை வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்டு உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். விஷயம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பேசி வைத்திருக்கும் அடுத்த துப்பாக்கிக்கு வருவோம். பழுது பார்த்து விற்பது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் தவறு. ஆகவே 'பாகங்கள் அசல், நிறப்பூச்சு அசல், முத்திரையும் எண்ணும் திரும்ப அடிக்கப்படவில்லை, தவறானால் முழுப் பணம் திரும்பத் தரப்படும்' என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர் எழுதுவார், இழுத்தடிப்பவரிடம் வாங்காதீர்கள். 'உள்ளது உள்ளபடி' (குறை இருந்தாலும் விற்றவர் பொறுப்பில்லை) என்ற வரி இருந்தால் நீக்கிவிடச் சொல்லுங்கள். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். மார்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளில் கிரீடமும் 'வி.ஆர்.' என்ற விக்டோரியா ராணியின் எழுத்தும் இருந்து, ஆண்டு 1901-க்குப் பிந்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ராணி இறந்ததே 1901 ஜனவரியில்தான். பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த நகல்களில் இந்தத் தப்பு நிறைய உண்டு.

இதைவிட எனக்குக் கவலை தருவது லைசென்ஸ். பழையது என்றாலே விலக்கு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது பழம்பொருள். இந்திய ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவிலோ பழைய பாணி மட்டும் போதாது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். எனவே நேற்று செய்த நகல் உங்கள் வீட்டில் இருந்தால் பணம் போவதோடு நிற்காது, வழக்கும் வரலாம். அறிக்கையும் எழுத்து உறுதியும் கைக்கு வராமல் இரண்டாவதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.