மறு: நிலநடுக்கத்துக்கு முந்தைய இரவு பதிவான வெடிப்பொலிகள்

லூப் ஆன்டெனாவை (கம்பிச் சுருள்) கணினியின் சவுண்ட் கார்டில் இணைத்து நீங்கள் பதிந்த 'பட் பட்' ஒலிகள் நிலநடுக்கத்துக்கு முன் நிலத்துக்குள்ளிருந்து வந்த ரேடியோ அலைகளோ என்று கேட்டிருந்தீர்கள். அவை மின்னலாகத்தான் இருக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தது என்கிறீர்கள். ஆனால் மின்னலின் ரேடியோ ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அதிகம். அது தரைக்கும், ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே எதிரொலித்தபடி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். இரவில் சில துடிப்புகள் 'ட்யூங்' என்று இழுத்து, 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே முடிவதைக் கவனியுங்கள். தொலைதூர மின்னலின் கையெழுத்து அது.

நிலத்துக்குள்ளிருந்து வரும் 5 கிலோஹெர்ட்ஸ் அலை பாறையில் சில நூறு மீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும். பத்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரக்கூடியது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலைதான். அதைப் பிடிக்கச் சவுண்ட் கார்டு போதாது, காந்தப்புல மாற்றத்தை அளக்கும் காந்தமானி வேண்டும். 1989 அக்டோபர் 17 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்துக்கு முன் கலிபோர்னியாவில் பதிவானதாகச் சொன்ன காந்த அலையும் 0.01 ஹெர்ட்ஸ் அருகேதான். அதையும் 2009-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், கருவிக் கோளாறாக இருக்கலாம் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பதிவில் ஜிபிஎஸ் நேரம் சேருங்கள். மின்னல் இடங்காட்டும் வலையமைப்புகள் தரும் மின்னல் பட்டியலோடு மில்லிநொடி அளவில் ஒப்பிடுங்கள், மின்னலிலிருந்து உங்கள் இடம் வரை 300 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி தாமதம் என்று கணக்கிட்டு. அப்புறம், நிலநடுக்கம் இல்லாத ஒரு மாத இரவுகளின் ஒலிகளையும் அதே போல எண்ணி, அந்த இரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுக் கோப்பை இங்கே ஏற்றினால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.