திரும்பி வரும் கோச்

அன்புள்ள ஐயா,

பாம்பனில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகர்கள். ஓவன் காயில் 2023இல் மறுபடி கோச்சாக வந்ததிலிருந்து எங்களுக்குள் ஓயாத சண்டை. ஜெயித்துக் காட்டியவரைக் கூப்பிடுவதில் என்ன தப்பு என்று ஒரு கட்சி. போனவர் போனவர்தான் என்று இன்னொரு கட்சி. நன்றாக மீன் பிடித்துக் கொடுத்த டிரைவரை அதே படகுக்குத் திரும்பக் கூப்பிடுவதில்லையா? நீங்கள் எந்தக் கட்சி?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கூப்பிடலாம் என்கிற கட்சிதான். ஆனால் உங்கள் டிரைவர் கதையில் கடலை விட்டுவிட்டீர்கள். கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாகக் கிடக்கும், வாடைக் காற்றில் தலைகீழ். கச்சானில் வாரிக்கொண்டு வந்தவரை வாடையில் அதே இடத்துக்கு அனுப்பினால் எப்படி?

காயில் முதலில் வந்தது 2019 டிசம்பரில். ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு கிடந்த அணியை இறுதிப்போட்டிவரை இழுத்துப்போனார். அங்கே கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 தோல்வி. அந்த ஓட்டத்துக்கு இரண்டு பேர் முக்கியம்: 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், பின்னாலிருந்து பந்து போட்ட கிரிவெல்லாரோ. 2020இல் காயில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2023இல் காயில் வந்தார், நாலு வயது கூடிய கிரிவெல்லாரோவும் வந்தார். அந்த 15 கோலுக்கு மட்டும் ஆள் வரவில்லை. முதல் சீசனில் ஆறாமிடம் பிடித்துப் பிளேஆஃப் போனதே அவர் திறமை என்பேன். அடுத்த சீசனில் 11ஆவது இடம்.

ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் கோச் ஜிதான் செய்ததைப் பாருங்கள். 2018 மே மாதம் விலகினார், அந்த ஜூலையில் கோல் அடிக்கும் ரொனால்டோவும் போய்விட்டார், 2019 மார்ச்சில் ஜிதான் திரும்பினார். முன்பு 2016-17இல் லீக்கை வென்றபோது அடித்த கோல் 106, வாங்கிய கோல் 41. திரும்பி வந்து 2019-20இல் வென்றபோது அடித்தது 70தான், வாங்கியது 25. ரொனால்டோவின் கோலை ஈடுகட்ட முடியாது என்று தெரிந்து, வாங்கும் கோலைக் குறைத்தார். இடது பேக்கில், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டத்தில், மேலே ஏறிக்கொண்டே இருக்கும் மார்செலோவுக்குப் பதில் பெரும்பாலும் மென்டி, தன் இடத்தைக் காத்து நிற்பவர். மிட்ஃபீல்டில் ஓடி அடைக்க வால்வெர்டே. பென்சிமா 21 கோல், அடுத்த இடத்தில் 11 கோலோடு யார் தெரியுமா? டிஃபென்டர் ராமோஸ்! ஆள் அதே ஆள், ஆட்டம் வேறு. எனக்கு இதுதான் உயர்ந்த கோச்சிங்.

கோச் மொரீன்யோ இங்கிலாந்தின் செல்சிக்கு 2013இல் திரும்பி, 2014-15இல் லீக்கும் வென்றார். ஆகவே 'போனவர் போனவர்தான்' கட்சிக்கும் இடமில்லை. ஆனால் அடுத்த சீசனில் 16 ஆட்டத்தில் 9 தோல்வி, டிசம்பரில் வெளியே அனுப்பிவிட்டார்கள். கோப்பை வென்ற அணியை அப்படியே நம்பி, புது ரத்தம் போதாமல் இறங்கியதும், முதல் ஆட்டத்திலேயே அணியின் டாக்டரோடு பகைத்துக்கொண்டதும் சேர்ந்து கெடுத்தன.

உதவியாளர்களையும் யாரும் பேசுவதில்லை. 2017 அக்டோபரில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்குக் கோச்சாகத் திரும்பிய ஹைன்கஸ், தன் பழைய உதவியாளர் ஹெர்மான் வேண்டும் என்று கேட்டு, அவர் வேலை பார்த்த கிளப்புக்குப் பணம் கொடுத்துக் கூட்டிவர வைத்தார். டார்ட்முண்டுக்கு 5 புள்ளி பின்னால் இருந்த அணி, 21 புள்ளி வித்தியாசத்தில் லீக்கை வென்றது.

அதனால் அடுத்தமுறை எந்தப் பழைய கோச் வந்தாலும், அவர் போனபோது கூடப் போனவர்கள் யார், அவர்கள் இடத்தில் இப்போது யார், வயது என்ன என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆள் வாங்குவதில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டா என்று கேளுங்கள். பிறகு முதல் ஐந்து ஆட்டத்தில் ஸ்கோரை விட்டுவிட்டு, பந்து பறிபோன நொடியில் இரண்டு பேக்குகளும் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். போன தடவை நின்ற அதே இடம் என்றால், ஓடித் திரும்ப அதே கால்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.