'பென்சிவ்' என்றால் என்ன? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

'பென்சிவ்' என்ற ஆங்கில உரிச்சொல்லின் பொருளையும் அதன் பிறப்பையும் கேட்டிருக்கிறீர்கள். அகராதியைப் புரட்டினால் 'சிந்தனையில் ஆழ்ந்த' என்று இருக்கும். பிழையில்லை, ஆனால் அது பாதிதான். அந்தச் சிந்தனையில் கொஞ்சம் கவலையும் கலந்திருக்க வேண்டும். மும்முரமாகக் கணக்குச் செய்கிற பிள்ளையை பென்சிவ் என்று சொல்ல மாட்டார்கள். பெறுபேறு வருவதற்கு முதல்நாள் பேசாமல் யன்னலோரம் இருக்கிற பிள்ளையைச் சொல்வார்கள்.

இலங்கைத் தமிழருக்கு இதை விளக்குவது சுலபம். 'ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ' என்று நாங்கள் சொல்வது கவலைப்பட வேண்டாம் என்ற அர்த்தத்தில்தானே? வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரிடம் 'என்ன, பலத்த யோசனை?' என்று கேட்கிறோமே, அந்த யோசனைதான் பென்சிவ். கண் மூடி, முகம் வாடிய மஞ்சள் இமோஜி ஒன்று ஃபோனில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 2010இல் யூனிகோடில் சேர்ந்தபோது அதற்குக் கிடைத்த பெயர் 'பென்சிவ் ஃபேஸ்'. நாங்கள் எல்லோரும் அதைக் கவலைக்குத்தான் அனுப்புகிறோம்.

இனி பிறப்பு. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிரெஞ்சில் 'பான்சே' என்றால் யோசிப்பது. அதன் தாய் இலத்தீனின் 'பென்சாரே', நிறுத்துப் பார்ப்பது. இன்னும் அடியில் இருப்பது 'பெண்டேரே': தொங்கவிடு, நிறு என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. பழைய தராசைத் தொங்கவிட்டுத்தானே நிறுத்தார்கள்! ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் 'பென்சார்' என்றால் யோசிப்பது, 'பெசார்' என்றால் நிறுப்பது. இரண்டும் அந்த ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தமிழில் 'தூக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். தொங்கவிடுவதும் தூக்கு, நிறுப்பதும் தூக்கு, ஆராய்ந்து பார்ப்பதும் தூக்கு. சீர்தூக்கிப் பார்த்தல் என்கிறோமே. இலத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. தராசைப் பார்த்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குடும்பம் பெரியது. உலோகத்தை நிறுத்துக் கடன் தீர்த்த காலத்தின் மிச்சம்தான் பென்சன். தொங்குவதால் பெண்டன். பவுண்ட் என்ற நிறையும் அதே வேரில் வந்தது, அதிலிருந்துதான் எங்கள் பவுண். ஆக, செட்டியார் தெருவில் ஒரு பவுணுக்குப் பெண்டன் பார்த்துவிட்டு, பென்சன் காசு காணுமா என்று யோசித்து நிற்கிற ஐயா, இந்தச் சொந்தபந்தம் முழுவதையும் ஒரே கடைக்குள் கூட்டிவிடுகிறார். பென்சிலும் பேனாவும் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பென்சில், சிறு தூரிகையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பேனாவின் மூலம் இறகு.

பாவிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆள், முகம், மனநிலை, மௌனம் ஆகியவற்றுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். ஒருவர் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்த பரிசை 'தாட்ஃபுல்' என்று சொல்லலாம், 'பென்சிவ்' என்றால் சிரிப்பார்கள்.