பொலிகாளைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: இறைச்சிக்காக 30 ஹியர்ஃபோர்ட் இன மாடுகள் வளர்க்கிறேன். அதில் 6 இன்னும் ஈனாத கிடேரிகள். கலப்பினக் கன்றுகள் எடை கூடும் என்பதால், 2 வருடக் கடனில் ஷரோலே இனப் பொலிகாளை வாங்க நினைக்கிறேன். பிறக்கும் காளைக்கன்றுகளில் ஒன்றையே அடுத்த பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கலப்பினம் செய்யுங்கள். ஆனால் கடனையும் மாற்றுங்கள், காளையையும் மாற்றுங்கள்.

சினைக்காலம் சுமார் 283 நாள். கன்று பால் மறக்க இன்னும் 7 மாதம். ஆக, புதுக் காளையால் முதல் காசு பார்க்க 16 மாதமாவது ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. 4 வருடக் கடனாகக் கேளுங்கள்; வருடத்துக்கு ஒரே தவணை, அதுவும் கன்று விற்கும் மாதத்தில்.

அப்புறம், உண்மையான லாபம் கன்றின் எடையில் இல்லை. கலப்பின வீரியத்தால், அதாவது இரண்டு இனம் சேர்வதால் கன்றுக்கு வரும் கூடுதல் பலத்தால் மட்டும், எடை கூடுவது 5 சதவீதம் போலத்தான். கலப்பினக் கிடேரியைத் தாயாக்கினால் கதை வேறு: சீக்கிரம் சினை பிடிக்கும், கன்றை நன்றாகத் தேற்றும், பல ஈத்து தாங்கும். இரண்டும் சேரும்போது, சினைக்கு விட்ட ஒரு பசுவுக்குக் கிடைக்கும் கன்று எடை 20 சதவீதத்துக்கு மேலும் கூடலாம். ஆனால் அந்தக் கிடேரி பிறந்து, 2 வயதில் ஈன்று, அதன் கன்று விற்பனைக்கு வர, இன்றிலிருந்து சுமார் 40 மாதம். 2 வருடக் கடன் அதற்குள் முடிந்தே போயிருக்கும்!

ஷரோலே கன்றுகள் எல்லாவற்றையும் விற்றுவிடுபவர்களுக்கு ஏற்ற இனம். கிடேரிகளை வைத்து மந்தையை வளர்க்க ஆங்கஸ் காளைதான் என் தேர்வு. கறுத்த உடலும் வெள்ளை முகமுமாகப் பிறக்கும் அந்தக் கிடேரிகள் நல்ல தாய்மாடுகள் என்று பெயர் எடுத்தவை. உங்கள் 6 கிடேரிகளையும் நினைத்துப் பாருங்கள். ஷரோலே போன்ற பெரிய இனக் காளைக்குச் சினையானால், முன்குளம்பு இரண்டும் வெளியே தெரிய, தலை வராமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். கன்றும் போகலாம், தாயும் போகலாம், கால்நடை மருத்துவர் செலவு தனி. கன்று எளிதாக ஈனப் பேர்போன ஆங்கஸ் வம்சமாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக் காளைக்கன்றைப் பொலிகாளையாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கலப்பினத்தோடு கலப்பினம் சேர்ந்தால் வீரியத்தில் பாதி போய்விடும். போதாததற்கு அந்தக் கலப்பினக் கிடேரிகள் அதன் சகோதரிகள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட் என்று காளையை மாற்றி மாற்றி விட்டால் வீரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும்.

பணம் கொடுக்கும் முன் விந்துப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள், காளையை நடக்கவிட்டுக் கால்களையும் பாருங்கள். 30 மாடும் ஒரே காளையை நம்பி நிற்கும். அது சரியில்லை என்றால் அந்த வருடம் கன்று வராது, தவணை மட்டும் வரும்.