ஸோஜி, யூனிகோடு, தமிழ்: வகைப் பண்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

கேட்டது: யாங்கோனில் ஒரு கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தமிழும் பர்மியமும் கலந்திருக்கின்றன, பழைய கோப்புகள் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருக் குறியாக்கத்தில். சி++ நிரல்மொழியின் வகைப் பண்புகளால் (type traits, ஒரு தரவு வகையின் இயல்பைச் சொல்பவை) எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்ததை மறக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

வகைப் பண்பு வேலை செய்வது நிரலைத் தொகுக்கும் (compile) நேரத்தில். கோப்பின் பைட்டுகளை அது பார்ப்பதே இல்லை. எழுத்தைச் சேமிக்கும் ஓர் அலகு எத்தனை பிட் என்பது போன்றவற்றுக்கு அது போதும். அலகு மாறினால் அளவும் மாறும்: ‘ரங்கூன்’ நமக்கு 4 எழுத்து; யூனிகோடில் 7 குறியீடு; அதைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைகளில், யூடிஎஃப்-8இல் 21 பைட், யூடிஎஃப்-16இல் 14 பைட். அகல எழுத்து வகையை (wchar_t) மட்டும் நம்பாதீர்கள்: விண்டோஸில் 16 பிட், லினக்ஸில் பொதுவாக 32.

ஸோஜிதான் உண்மையான தலைவலி. யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை அது வேறு பொருளில் பயன்படுத்துகிறது. நம் பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் தட்டுவோமே, அதே கதை: ஸோஜி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது, யூனிகோடு மெய்யை முன்னால் வைக்கிறது. இரண்டும் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 என்பதால் பிழைச் செய்தியே வராது.

ஆகவே ஸோஜிக்கு ஒன்று, யூனிகோடுக்கு ஒன்று என இரண்டு வெற்று அடையாள வகைகளை உருவாக்கி, சரத்தின் (string) டெம்ப்ளேட்டில் அளபுருவாகக் (parameter) கொடுங்கள். எல்லா வகைக்கும் பொதுவான பண்பு டெம்ப்ளேட்டை வரையறுக்காமல், அந்த இரண்டு அடையாளங்களுக்கு மட்டும் வரையறுங்கள். அடையாளம் இல்லாத சரம் தொகுப்பியிடமே மாட்டிக்கொள்ளும். மாற்றும் செயற்கூறு ஒன்றே ஒன்று, கோப்பைப் படிக்கும் வாசலில் மட்டும்.

எது ஸோஜி என்ற ஊகத்துக்கு கூகுளின் மியான்மர் டூல்ஸ் என்ற நிரல் நிகழ்தகவு தரும். மியான்மர் நாடு யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 என்றாலும், கோப்பின் தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழைய பட்டியலை நேற்று யாரோ நகலெடுத்திருக்கலாம்.