பிரசிடெண்ட் மாறினால் என்னென்ன மாறும்? – கேள்வி பதில்

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐந்து தலைவர்களிடமும், தலைவரே இல்லாத காலத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். தலைவர் பதவி கைமாறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார் என்கிறார்கள். ஒரு நாளும் அவரை ஊரில் பார்த்ததில்லையே?

பார்த்திருக்க மாட்டீர்கள். தனி அலுவலர் என்பவர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓதான். ஒன்றியத்தில் இருக்கிற எல்லா ஊராட்சிகளும் அவர் தலையில். தீர்மானம் போடுவதும் அவர், ஒப்புதல் தருவதும் அவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு பிரசிடெண்ட் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவீர்கள்; இப்போது பிடிஓ ஆபீசுக்கு பஸ் ஏற வேண்டும். அவசரத்துக்கு ஊராட்சிச் செயலரையும் டேங்க் ஆபரேட்டரையும் பிடியுங்கள். வேலை நடப்பது அவர்கள் கையால்தான்.

இது புதிதும் அல்ல. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு 2020 ஜனவரி வரை தனி அலுவலர் ஆட்சிதான். முதலில் கொஞ்ச காலம்தான் என்றார்கள், நீட்டித்து நீட்டித்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. சொல்லத்தான் செய்கிறது.

கேள்வி: எங்களுக்கு 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. தென்காசியில் என் மச்சான் ஊரில் மட்டும் அதற்குப் பிறகும் தலைவர் பதவியில் இருந்தாரே, எப்படி?

தேர்தல் இரண்டு தவணையாக நடந்ததால் வந்தது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்தது. மயிலாடுதுறை பிறகு தனி மாவட்டமானதால் இப்போது 28 என்று எண்ணுகிறோம். அங்கெல்லாம் 2020 ஜனவரி 6-ல் பதவியேற்று, 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மாவட்டப் பிரிவினையால் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். தென்காசி, திருநெல்வேலி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அந்தக் கணக்கு. அவர்களுக்கு ஐந்து வருஷம் முடிவது 2026 அக்டோபரில்.

கேள்வி: நான் வார்டு உறுப்பினராக இருந்தவன். ஒன்பது பேரில் ஏழு பேர் தலைவருக்கு எதிராக இருந்தோம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியாது என்று செயலர் மறுத்துவிட்டார். அவர் தலைவரின் ஆளா?

பாவம், அவரைத் திட்டாதீர்கள். அவர் சொன்னது சரி. தலைவரை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரைத்தான் வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரை நீங்கள் கொண்டுவரவில்லை, அதனால் நீங்களாக இறக்கவும் முடியாது. ஓட்டுப் போட்ட மக்களும் இடையில் திரும்ப அழைக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் அந்த வழி உண்டு, நம்மிடம் இல்லை.

இருப்பது 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு. மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்திட்டு கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். அவர் தானாகவும் நடவடிக்கை எடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில் தலைவரும் சேர்த்தி. உங்கள் ஊரில் ஒன்பதும் ஒன்றும் பத்து, எனவே ஏழு கையெழுத்து போதும். ஆனால் "எங்களை மதிப்பதில்லை" என்று எழுதினால் நிற்காது. சட்டத்தை மீறினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று காட்ட வேண்டும். கலெக்டர் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் தாசில்தார் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். முடிவு கலெக்டருடையது. அதற்கு மேல் கோர்ட் இருக்கிறது. பாதி வழக்குகள் நோட்டீஸ் சரியாகக் கொடுக்கவில்லை என்ற இடத்திலேயே விழுந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தலைவர் திடீரென்று காலமாகிவிட்டால் தூய்மைக் காவலர்களின் சம்பளத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

இடைத்தேர்தலில் புதியவர் வரும்வரை துணைத் தலைவர் பொறுப்பைப் பார்ப்பார். ஆனால் ஊராட்சிப் பணத்துக்குத் தலைவர், துணைத் தலைவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று குறைந்தால் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். காகிதம் மேலே போய்த் திரும்புவதற்குள் சம்பள நாள் தாண்டிவிடும். செயலர் அன்றே ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதிவிடுவது நல்லது. இடைத்தேர்தலில் வருபவருக்கு முழு ஐந்து வருஷம் கிடையாது, மிச்சக் காலம்தான்.

கேள்வி: அடுத்த முறை நிற்கலாம் என்று இருக்கிறேன். ஜெயித்தால் முதல் நாள் எதைப் பார்க்க வேண்டும், அண்ணே?

மாலையைக் கழற்றிவிட்டு பீரோ சாவியைக் கேள், தம்பி. சாவியோடு பட்டியலும் கேள். ரொக்கப் புத்தகம், வீட்டு வரிப் பதிவேடு, குடிநீர்க் கட்டணப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். தளவாடப் பதிவேட்டில் நாலு மோட்டார் என்று இருந்தால் நாலையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பேங்க் பாஸ்புக்கை அன்றைய தேதிக்குப் பதியச் சொல். வீட்டு வரி இப்போது ஆன்லைனிலும் கட்டுகிறார்கள். ரசீதுப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

தீர்மானப் புத்தகத்தில் ஒன்று கவனி. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஊராட்சியில், கடைசித் தீர்மானத்துக்கும் உறுப்பினர்களின் கையெழுத்துகளுக்கும் நடுவே நாலு வரி காலியாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த நாலு வரியில் மோட்டார் பழுது பார்த்த செலவு என்று ஒரு தீர்மானம் உட்கார்ந்திருக்கிறது. மை நிறம் வேறு, எழுத்து நெருக்கி நெருக்கி. கையெழுத்துப் போட்ட உறுப்பினர்களுக்கே தெரியாது. அன்றிலிருந்து எழுதி முடித்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்த பிறகுதான் கையெழுத்து வாங்குவேன். நீயும் பொறுப்பேற்கிற நாளில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, தேதியும் எழுதிவிடு.

கேள்வி: எங்கள் ஊர்த் தலைவர் ஒரு பெண். கூட்டத்தில் பேசுவது, ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது எல்லாம் அவர் கணவர்தான். இது செல்லுமா? (கல்லூரி மாணவி)

செல்லாது, அம்மா. கணவருக்கு மன்றத்தில் எந்த இடமும் கிடையாது. 2016-ல் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கீடு வந்தது இதற்காக அல்ல. மனு கொடுக்கும்போது தலைவரம்மா கையிலேயே கொடுத்து, அவரிடமே பதில் கேளுங்கள். நான் பார்த்த ஒரு தலைவரம்மா முதல் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. குடிதண்ணீர்ப் பிரச்சினைக்குப் பெண்கள் நேராக அவரிடமே வர ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் தானாக ஒதுங்கிக்கொண்டார்.

கேள்வி: தலைவர் பதவியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கோயில் கட்டலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். ஒற்றுமையாகத்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

பணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை நிற்கவிடாமல் செய்வது தேர்தல் லஞ்சம். கோயிலுக்குப் போனாலும் லஞ்சம் லஞ்சம்தான். தவிர, ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்று யோசித்தீர்களா?

கேள்வி: தலைவர் இல்லாதபோது கிராம சபை நடக்குமா?

நடக்கும், நடக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. கோரம், அதாவது குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினால் அது கிராம சபை ஆகாது. தனி அலுவலர் காலத்தில் மன்றம் இல்லை, கேள்வி கேட்க வார்டு உறுப்பினரும் இல்லை. வரவு செலவைச் சபையில் வாசிக்கும்போது அங்கே உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான்.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். நல்லதா?

ரோடும் விளக்கும் வரலாம். ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வரி ஏறும், தலைவர் இருந்த இடத்தில் ஒரு கவுன்சிலர் இருப்பார். ஆட்சேபனை இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: முன்னாள் தலைவர் காரில் இன்னும் "ஊராட்சி மன்றத் தலைவர்" போர்டு மாட்டியிருக்கிறாரே?

எங்கள் பக்கமும் ஒருவர் இருந்தார். கேட்டதும் போர்டுக்கு முன்னால் "மு." என்று ஒட்டிக்கொண்டார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.