பத்து நாள் காத்திருக்காதீர்கள்

நேற்று தெருநாய் கடித்து மகனுக்கு ரத்தம் வந்தது, காயத்தில் மஞ்சள் வைத்து டிடி (டெட்டனஸ்) ஊசியும் போட்டாயிற்று, நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்கிறீர்கள். வேண்டாங்க. டிடி ரேபிஸை, அதாவது வெறிநாய்க்கடி நோயைத் தடுக்காது. நாயைக் கவனிப்பதெல்லாம் தடுப்பூசியைத் தொடங்கிய பிறகுதான்.

முதலில் அந்த மஞ்சளை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், தாமதமானாலும் பலனுண்டு. இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்ததால் இது மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகத் தீவிரமான வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள் மருந்து) வேண்டும். இதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்குவது இந்த மருந்துதான். அதனால் எடைக்கேற்ற அளவைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலின் போடுவதில்லை.

தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில். முதல் ஊசி போடும் நாள்தான் 0.